நோயாளியைத் தொடும் கைகள்: நாஞ்சில் நாட்டு மருத்துவ வரலாறும் நம் சமுதாயமும்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம் செய்பவர். விடியலுக்கு முன்பே சந்தைக்குச் சென்று பிச்சிப்பூவும் அரளியும் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். அவருடைய மகள் என்னிடம் ஓதிய பிள்ளை.

"மவ நர்ஸிங் படிக்கணும்னு நிக்கிறா உஸ்தாத். மார்க்கம் நல்லா வெளங்கின பிள்ளைதான். ஆனா நம்ம ஆளுகளுக்கு இது சரிப்படுமா? நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு தந்தை இதே கேள்வியைக் கேட்டபோது, "அது நமக்கு ஒத்துவராது, வேறு ஏதாவது படிக்க வையுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பியவன் நான். எந்தக் கிதாபைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எந்தக் கிதாபையும் பார்க்கவில்லை. ஊரில் கேட்ட பேச்சையே மார்க்கத்தின் குரலில் திருப்பிச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளையின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. ஆகவே இம்முறை, "ஒரு வாரம் தவணை கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் தொடங்கி நான் வாசித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

மஸ்ஜிதுன் நபவியில் ஒரு கூடாரம்

முதலில் நம் முன்னோர்களின் வரலாற்றைப் பார்ப்போம். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பை ஓர் அம்பு துளைத்தது. அன்ஸாரிகளின் தலைவர்களுள் ஒருவர் அவர். காயமுற்ற அவரை நபி (ஸல்) அவர்கள் அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. காயமுற்றோருக்கு மருந்திடுவதையும் ஆதரவற்றோருக்குப் பணிவிடை செய்வதையும் தம் பணியாக ஏற்றுக்கொண்டவர் அவர். நபி (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் அவ்வழியே சென்று ஸஅத் (ரலி) அவர்களின் நிலையைக் கேட்டறிவார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) தமது அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள்.

இந்தச் செய்தியை நானே பலமுறை பயானில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கூடாரம் நின்ற இடத்தைப் பற்றி ஆழ்ந்து நினைத்ததில்லை. மதீனாவில் வெற்றிடத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு வெளியே ஒரு மூலையில் அதை அமைத்திருக்கலாம். தொழுகை நடைபெறும் மஸ்ஜிதின் எல்லைக்குள், நபியவர்களின் வீட்டு வாசலுக்கு அருகில், ஒரு பெண்ணின் மருத்துவப் பணிக்கு இடம் கிடைத்தது. அச்சமூகத்தில் அதைவிட மரியாதைக்குரிய இடம் வேறொன்று இருந்ததில்லை.

ருஃபைதா (ரலி) தனித்தவர் அல்லர். போர்களுக்கு நபியவர்களுடன் சென்று வீரர்களுக்கு நீர் புகட்டியதையும், காயமுற்றோரையும் கொல்லப்பட்டோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) தாமே அறிவித்துள்ளார். ஏழு போர்களில் பங்கேற்று, உணவு சமைத்து, காயங்களுக்கு மருந்திட்டு, நோயாளிகளைப் பராமரித்ததை உம்மு அதிய்யா (ரலி) கூறும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. இறந்துபோன நபிமகளாரின் உடலைக் குளிப்பாட்டிய பெண்களுள் ஒருவரும் அதே உம்மு அதிய்யா (ரலி) அவர்களே. ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முறையை இன்றும் நாம் அவருடைய அறிவிப்பிலிருந்தே கற்பிக்கிறோம்.

கற்றவரே கைவைக்க வேண்டும்

இரக்கம் இருந்தால் போதும், கல்வி வேண்டாம் என்று இஸ்லாம் கூறவில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூத் முதலிய நூல்களில் உள்ளது. பிற்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் மருத்துவரின் பொறுப்பைப் பற்றி வகுத்த சட்டங்களுக்கு இதுவே அடித்தளம்.

இக்கோட்பாடு ஏட்டோடு நிற்கவில்லை. கி.பி. 931-ல் பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு நோயாளி இறந்துபோன செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் செய்யக்கூடாது என்று அவர் ஆணையிட்டார். அத்தேர்வை நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்தாத் நகரில் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் அத்தேர்வை எதிர்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

1154-ல் நூருத்தீன் ஸங்கீ டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையின் கட்டடம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. 1284-ல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனையில் காய்ச்சல், கண்நோய், அறுவைச் சிகிச்சை எனத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. இம்மருத்துவமனைக்குத் தம் வீட்டையும் நூலகத்தையும் வக்ஃபாக விட்டுச்சென்றவர் 1288-ல் மறைந்த இப்னு நஃபீஸ் (ரஹ்). இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்பதை ஐரோப்பியருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர். அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும் ஆவார்; கெய்ரோவின் மதரஸாவில் ஃபிக்ஹும் நடத்தினார். காலையில் மருத்துவமனை, மாலையில் மதரஸா என்று ஒருவர் வாழ்வது அன்று வியப்பாகக் கருதப்படவில்லை.

எனினும் சரிவின் அடையாளம் அதற்கும் முன்பே தென்படத் தொடங்கியிருந்தது. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா உலூமித்தீனில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுக்கிறார்கள். ஊரில் சிலராவது அதைக் கற்றுச் செயல்பட்டால் அனைவரின் கடமையும் நீங்கும். எவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை, ஆயினும் எல்லாரும் சட்டத் தர்க்கக் கலையைக் கற்கவே முண்டியடிக்கிறார்கள் என்று இமாமவர்கள் அதே நூலில் வருந்துகிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அப்பக்கத்தை, ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட என்னால் எளிதாகக் கடந்துசெல்ல இயலவில்லை.

நெய்யூர் வகுப்பறை

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாஞ்சில் நாடு மருத்துவம் அறியாத நாடன்று. வர்ம ஆசான்களும் நாட்டு வைத்தியர்களும் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் அவ்வறிவு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து அவர் தேர்ந்தெடுத்த சீடனுக்குமே சென்றது. விரும்பியவர் வந்து கற்கத்தக்க திறந்த வகுப்பறை இல்லை.

தோவாளைக்கு வடகிழக்கே உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் 1806-ல் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். அதே சங்கம் 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவரை இரணியலுக்கு அருகிலுள்ள நெய்யூருக்கு அனுப்பியது. அவரது பணி சில ஆண்டுகளே நீடித்தது. பின்னர் வந்த சார்லஸ் லீச் என்னும் மருத்துவர் 1854-ல் கடலில் நீராடும்போது மூழ்கி இறந்தார். ஒரு மருத்துவர் போனால் மருத்துவமும் அவரோடு போய்விடும் என்ற நிலையே அதுவரை நிலவியது.

1861-ல் ஜான் லோ வந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து வந்த இம்மருத்துவர் செய்த செயலே நெய்யூரின் போக்கை மாற்றியது. தாம் ஒருவரே எல்லா நோயாளிகளையும் பார்த்துவிட முடியாது என்பதை உணர்ந்து, உள்ளூர் இளைஞர்களைத் திரட்டி 1860-களில் ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். உடற்கூற்றியலும் மருந்தியலும் அறுவைச் சிகிச்சையும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. தேறியவர்கள் சுற்றுப்புற ஊர்களில் கிளை மருந்தகங்களைப் பொறுப்பேற்று நடத்தினர். பிற்காலத்தில் நெய்யூர் தென்திருவிதாங்கூர் முழுவதும் கிளைகள் பரப்பியமைக்கு வெளிநாட்டு மருத்துவர்களின் எண்ணிக்கை காரணமன்று. இவ்வகுப்பில் பயின்ற உள்ளூர்ப் பிள்ளைகளே காரணம்.

அப்பிள்ளைகள் யார் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். தென்திருவிதாங்கூரில் அச்சங்கத்தைச் சார்ந்திருந்தோரில் பெரும்பாலோர், மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த சமூகங்களைச் சேர்ந்தோர். தொட்டால் தீட்டு, நெருங்கினால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் கம்பவுண்டர்களாகவும் டிரெஸ்ஸர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆனபோது, ஒதுக்கியவர்களும் நாடி பிடித்துப் பார்க்க அவர்களிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. ஒரு தொழில் ஒரு சமூகத்தை எத்தனை தூரம் உயர்த்தும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அம்மருத்துவமனைகள் மதப்பிரச்சாரத்தையும் நோக்கமாகக் கொண்டிருந்தன. லோவின் மாணவர்கள் மருத்துவர்களாகவும் பிரச்சாரகர்களாகவுமே பயிற்றுவிக்கப்பட்டனர். நம் முன்னோர் அங்கே தம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கியதில் நியாயம் இருந்தது. அந்தத் தயக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அங்கே அனுப்ப மறுத்தபின், நாமே ஒரு வகுப்பறையைத் தொடங்கினோமா என்று கேட்டுப்பார்க்கிறேன். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் 1890-களில் ஒரு சிற்றறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். அவர் அப்போது மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர். அந்தச் சிற்றறையே பின்னர்க் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. ஒரு சிற்றறை அளவுக்காவது இடம் நம் மஹல்லாக்களிலும் இருந்திருக்கும்.

1922-ல் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர், ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கும் வழியில் நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், ஈடுகொடுக்க முடியாமல் தவித்த மருத்துவரையும் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே பணியாற்ற முடிவுசெய்தார். 1924-ல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, செயற்கை ஆக்சிஜன் இன்றி 8,500 மீட்டருக்கும் மேல் சென்று திரும்பிய அவர், தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நம் மாவட்டத்து நோயாளிகளிடையே கழித்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

ஒரு பெண்ணுக்கு மூடப்பட்ட கதவு

பெண்களின் நிலையைப் பேச இன்னொரு பெயரைச் சொல்ல வேண்டும். நம் தோவாளை வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர் அரசருக்கு உட்பட்டது. அந்தத் திருவிதாங்கூரில் 1886-ல் பிறந்தவர் மேரி பூனன் லூக்கோஸ். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். மகளும் மருத்துவராக விரும்பினார். பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரத்தின் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடப்பிரிவில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வரலாற்றுப் பாடம் படித்துப் பட்டம் பெற்ற பின், லண்டன் சென்று மருத்துவம் பயின்றார்.

1916-ல் நாடு திரும்பிய அவர் திருவனந்தபுரத்தில் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பொறுப்பேற்றார். பேறுகாலத்துக்கு மருத்துவமனைக்குச் செல்வதைக் குடும்பங்கள் அஞ்சிய காலம் அது. ஊர் மருத்துவச்சிகளை எதிரிகளாகக் கருதாமல், அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்து மகப்பேற்றுப் பயிற்சி அளித்தார். 1938-ல் திருவிதாங்கூர் அரசின் மருத்துவத் துறைக்கே தலைமையேற்று, சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோயாளிகளுக்கான மருத்துவமனை அமைந்ததில் அவருடைய பங்கு முதன்மையானது. 1975-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, அடுத்த ஆண்டில் மறைந்தார். காசநோயாளிகளுக்காக இயங்கிய ஆசாரிப்பள்ளம் வளாகத்தில் 2001-ல் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. நம் வீடுகளில் எவருக்காவது நோய் முற்றினால் இன்று நாம் ஓடுவதும் அங்கேதான்.

நம்மிடம் இருந்த மருத்துவச்சி

மேரி லூக்கோஸ் மருத்துவச்சிகளின் பிள்ளைகளை அழைத்துப் பயிற்சியளித்த செய்தியைப் படித்தபோது, என் உம்மும்மா சொல்லிக் கேட்ட பழைய காலம் நினைவுக்கு வந்தது. நம் ஊர்களிலும் ஒஸ்ஸான்களும் ஒஸ்ஸாத்திகளும் இருந்தனர். ஒஸ்ஸான் முடி மழிப்பார். நம் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்வார். ஒஸ்ஸாத்தி நள்ளிரவில் அழைத்தாலும் வந்து பேறு பார்ப்பார். தாயையும் பிள்ளையையும் நாற்பது நாள் வரை குளிப்பாட்டுவார். நம்மில் இரண்டு தலைமுறைக்கு முந்தியவர்கள் பெரும்பாலும் அக்கைகளில்தான் பிறந்தார்கள்.

அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? கூலியாக நெல்லும் துணியும் கொடுத்தோம். நம் பந்தியில் சமமாக உட்கார இடம் கொடுத்தோமா? அவர்களுடைய வீட்டில் பெண் எடுத்தோமா, பெண் கொடுத்தோமா? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்ற நாம், திருமணப் பேச்சில் மட்டும் அவர்களைத் தள்ளிவைத்தோம். குருதியையும் மலத்தையும் தொடுகின்ற கை தாழ்ந்த கை என்ற எண்ணம் இஸ்லாத்திலிருந்து வந்ததன்று. சுற்றியிருந்த சாதிச் சமூகத்திலிருந்து நாம் இரவல் வாங்கிய எண்ணம் அது. அப்பிள்ளைகளும் நாளடைவில் அத்தொழிலை விட்டு விலகினர். பேறு பார்க்கும் அறிவும் நம் மஹல்லாவை விட்டுப் போயிற்று.

பூ வியாபாரிச் சகோதரர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியின் வேர் இங்கேதான் உள்ளது என்பது என் முடிவு. "சம்பந்தம் வந்தால் என்ன சொல்லுவார்கள்?" என்பது ஹராம் ஹலால் பற்றிய கேள்வியன்று. அந்தஸ்து பற்றிய கேள்வி. செவிலியர் பணியை ஒஸ்ஸாத்தியின் பணியாகவே நம் மனம் இன்னும் காண்கிறது. ஒஸ்ஸாத்தியை அன்று மதிக்காத குற்றம் இன்று நம் மகள்களின் படிப்பைத் தடுக்கிறது.

இந்த மனநிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1854-ல் கிரிமியப் போர்க்களத்துக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சென்ற காலத்தில் இங்கிலாந்திலும் செவிலியர் பணி செல்வக் குடும்பத்துப் பெண்களுக்கு இழுக்கானதாகவே கருதப்பட்டது. அவருடைய பெற்றோரே அவரைத் தடுத்தனர். 1860-ல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய பின்னரே அப்பணிக்குக் கல்வியும் சீருடையும் மதிப்பும் சேர்ந்தன. அவர்களுக்கு மதிப்பைத் தேடித்தர ஒரு நைட்டிங்கேல் வர வேண்டியிருந்தது. நமக்கோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மஸ்ஜிதுக்குள் கூடாரம் நின்றது. நாம்தான் அதை மறந்தோம்.

தயக்கங்களுக்கு ஃபிக்ஹ் கூறும் பதில்

பெற்றோர்களின் தயக்கங்கள் அனைத்தையும் அந்தஸ்தின் கணக்கில் எழுதிவிட இயலாது. பெண்பிள்ளை அந்நிய ஆணைத் தொட நேருமே, இரவுப் பணி வருமே, ஹிஜாபுக்கு இடம் கிடைக்குமா என்பவை உண்மையான கேள்விகள்.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இவற்றைப் பேசாமல் விட்டுவிடவில்லை. சிகிச்சையின் தேவை இருக்கும்போது, தேவையான அளவுக்குப் பார்ப்பதையும் தொடுவதையும் அவை அனுமதிக்கின்றன. தனித்திருத்தலைத் தவிர்க்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது என்று வரம்பும் வகுக்கின்றன. பெண் நோயாளிக்குப் பெண்ணே மருத்துவம் செய்வது முதன்மையானது. அப்படி ஒருவர் கிடைக்காதபோதே ஆணிடம் செல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. இதன் பொருளைச் சற்று நிதானமாக எண்ணுங்கள். மனைவிக்குப் பேறுகாலம் என்றால் "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்றுதான் நாம் முதலில் விசாரிக்கிறோம். பெண் மருத்துவர் வேண்டும், பெண் செவிலியர் வேண்டும், ஸ்கேன் எடுப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். இவர்கள் அனைவரும் எவரோ ஒருவருடைய மகள்கள். எல்லாத் தந்தையரும் என்னைப் போலவே பதில் சொல்லியிருந்தால், நம் பெண்களின் கண்ணியத்தைக் காக்க இன்று எவர் இருந்திருப்பார்?

ஆண்களுக்கும் இதே கடமை உண்டு. முதியவரான ஓர் ஆண் நோயாளியைக் குளிப்பாட்டவும் ஆடை மாற்றவும் ஆண் செவிலியர் வேண்டும். கொரோனா காலத்தில் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, எச்சமயத்தார் என்று பாராமல், தமிழகம் எங்கும் முஸ்லிம் இளைஞர்கள் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டுவது பெரும் நன்மை என்று நாம் கற்பிக்கிறோம். உயிரோடு இருப்பவரின் உடலைக் குளிப்பாட்டுவது மட்டும் எப்படி இழிவாகும்? ஓர் உயிரை வாழவைப்பதன் மேன்மையைச் சூரத்துல் மாயிதா எவ்வளவு உயர்த்திக் கூறுகிறது என்பதை நம் பிள்ளைகள் மனனமாகவே ஓதுகிறார்கள்.

திறந்திருக்கும் வாசல்கள்

வழிகாட்ட ஆளில்லாமல் நம் பிள்ளைகள் வழிதவறுவது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில்தான். உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பின்னால் பல வாசல்கள் அடைபடுகின்றன. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுக்கு நீட் தேர்வு தேவை. ஆனால் நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மருத்துவத் துறையே முடிந்தது என்று எண்ணுவது தவறு. பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்காண்டுப் படிப்பு. நர்ஸிங் டிப்ளமோ மூன்றாண்டு. மருந்தாளுநருக்கு டி.பார்ம் இரண்டாண்டு, பி.பார்ம் நான்காண்டு. இவை தவிர, இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கத் தொழில்நுட்பம், கண் பரிசோதனை, டயாலிசிஸ் எனப் பல பிரிவுகள் உள்ளன.

தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. யுனானி மருத்துவத்துக்கென்றே சென்னையில் அரசுக் கல்லூரி 1979 முதல் இயங்குகிறது. நம் மாவட்டத்திலேயே ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரியும், கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் உள்ளன. சாதிச் சான்றிதழை நேரத்தில் வாங்கி வைக்காததால் இடத்தை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி இத்தகவல்களை அறிவித்தாலே பெரும் உதவியாகும்.

ஜான் லோவிடம் இருந்தவை எல்லாம் நம்மிடமும் உள்ளன. இடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் காலத்தில் இல்லாத கல்லூரிகளும் ஒதுக்கீடுகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளையைப் பார்த்து, "உன்னால் முடியும், இது கண்ணியமான பணி, போய்ப் படி" என்று சொல்லும் பெரியவர்கள்தாம் குறைவாக உள்ளனர். அக்குறையில் என் பங்கும் உண்டு.

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரர் வந்தார். மேலே எழுதியவற்றில் பாதியைச் சொன்னேன். மார்க்கத்தில் தடையில்லை என்றும், தொழுகைக்கும் ஹிஜாபுக்கும் இடமளிக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு என்றும் கூறினேன். சம்பந்தம் பற்றிய கேள்விக்கு மட்டும் என்னிடம் கிதாபில் பதில் இல்லை. "அதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். என் மகனுக்குப் பெண் பார்க்கும் நாளில் நான் என் பதிலைச் சொல்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "வீட்டுல உம்மாட்ட ஒரு வார்த்தை கேக்கணும் உஸ்தாத்" என்று சொல்லிச் சென்றார். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்ட தந்தையின் வீட்டுக்கும் சென்று வந்தேன். நான் அன்று சொன்னது மார்க்கத் தீர்ப்பன்று, என் அறியாமை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அந்தப் பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எம்மவளுக்கு அப்படிச் சொல்லாதீங்க உஸ்தாத்" என்று மட்டும் கூறினார்.

ஆலிம்களே, பெற்றோர்களே, நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஊர்ப் பேச்சை மார்க்கமாக்கிப் பதில் சொல்லாதிருப்போம். நோயாளியைத் தொடும் கைகளுக்கு நபியவர்கள் அளித்த இடத்தை நாமும் அளிப்போம். நோயைத் தந்து, அதற்கு நிவாரணத்தையும் படைத்த வல்ல ரஹ்மான், அந்நிவாரணத்தைத் தேடிக் கற்கும் பிள்ளைகளை நம் வீடுகளிலிருந்து எழச் செய்வானாக. ஆமீன்.